வன்னி வீட்டுக்குக் கண்ணாடி அறையா, நுளம்பு நெற் அடித்த விறாந்தையா? கட்டுவதற்கு முன் படிப்படியாக

ரொறொன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறை, உள்ளே பிரம்புக் கதிரை, பூச்சாடிகள், வெளியே பனி. கூடவே ஒரு குரல் பதிவு: "எங்கட வீட்டுக்கும் முன்னுக்கு இப்பிடி ஒண்டு போடுங்கோ, காசு நான் அனுப்பிறன்." கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்தில் வீடு பெருப்பிக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். வீட்டுப் படம் கீறிக் கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கும் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வெளிச்சமான, காற்றோட்டமான ஓர் அறையை வீட்டோடு சேர்க்க நினைப்பது நல்ல யோசனைதான். ஆனால் எந்த வகை என்று தெரிவதில்தான் காசு தப்புவதும் போவதும் இருக்கிறது. முதல்முறை கட்டப்போகிறவர்களுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக எதைப் பார்க்கவேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அங்கே அது ஏன் அப்படி இருக்கிறது

அங்கே சன்றூம் என்று சொல்வதில் நாலு வகை உண்டு. ஒன்று, சுற்றிவர நெற் மட்டும் அடித்தது; கோடையில் நுளம்புக் கடி இல்லாமல் இருக்க. அடுத்தது மூன்று பருவ அறை. ஒற்றைக் கண்ணாடி, சூடாக்கி கிடையாது, கடும்பனி தொடங்கினால் பூட்டிவிடுவார்கள். மூன்றாவது நான்கு பருவ அறை; இரட்டைக் கண்ணாடி, சுவரிலும் கூரையிலும் வெப்பத்தடுப்பு, வீட்டுச் சூடாக்கியோடு இணைத்திருப்பார்கள், வருடம் முழுக்கப் பாவிக்கலாம். கடைசி வகை சோலேரியம், அதில் கூரையும் கண்ணாடி.

கண்ணாடி போட்ட இந்த வகைகளுக்கெல்லாம் குறி ஒன்றுதான்: வெயிலைப் பிடித்து உள்ளே வைத்திருப்பது. ரொறொன்ரோவில் மார்கழி நடுவில் நண்பகல் சூரியன் அடிவானத்தில் இருந்து 23 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். அந்தச் சாய்ந்த வெயில் தெற்குக் கண்ணாடிக்குள்ளால் அறையின் பின்சுவர் வரைக்கும் போகும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், ஆனால் சூடேறிய நிலமும் கதிரையும் திருப்பி விடுகிற வெக்கையை வெளியே விடாது. குளிர் நாட்டுக்கு அது வரம்.

நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே 9 பாகையில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணிக் கடைசியை ஒட்டியும் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கும். 34, 35 பாகை வெக்கை இங்கே மாதக்கணக்கில் நிற்கிறது. ஆகவே வெயிலைப் பிடிக்கிற அறை எங்களுக்கு வேண்டாம். வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துகிற அறைதான் வேண்டும். கீழே வருகிற எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

1. எதற்காக என்று முதலில் முடிவெடுங்கள்

இதைச் சும்மா மனதுக்குள் வைத்திருக்காமல் வீட்டில் எல்லாரையும் இருத்திக் கேளுங்கள். பின்னேரத்தில் கதிரை போட்டு இருக்கவா, பிள்ளைகள் படிக்கவா, அம்மாவோ அப்பாவோ பகலில் படுத்து எழும்பவா, தையல் மெசின் வைக்கவா? காலபோக வெட்டு முடிந்தபின் நெல்மூட்டை அடுக்க விறாந்தையைத் தவிர வேறு இடம் இல்லாத வீடுகள் இங்கே எத்தனையோ. மிளகாயும் கச்சானும் மழைக்கு அள்ளிவந்து போடுகிற இடமும் அதுதான். நெல் அடுக்குகிற இடத்துக்குப் பளபளப்பான ரைல்ஸும் நிலம் வரைக்கும் கண்ணாடியும் போட்டால் ஒரே வருடத்தில் மூட்டைக் கொழுக்கியும் சைக்கிள் ஹாண்டிலும் அதை முடித்துவிடும். இரவில் யாராவது படுப்பார்கள் என்றால் நுளம்பும் பூட்டும் முக்கியம். பகலில் மட்டும் என்றால் நிழலும் காற்றும் போதும்.

2. திசையைப் பாருங்கள், இது எல்லாவற்றையும் விட முக்கியம்

எந்த வகை என்று யோசிக்க முன்னம் எந்தப் பக்கம் என்று யோசியுங்கள். றோட்டுப் பக்கம்தான் முன்பக்கம் என்று எல்லாரும் அங்கேயே கட்டுகிறோம், அது எந்தத் திசை என்று பார்ப்பதில்லை. அளவெடுக்கவிருக்கிற இடத்தில் காலை 8 மணிக்கு, மத்தியானம், பின்னேரம் 4 மணிக்கு ஒருமுறை என்று போய் நில்லுங்கள். நிலத்தில் விழுகிற நிழலைச் சுண்ணாம்பால் கீறி வையுங்கள்.

மேற்கு: இதுதான் மோசம். பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 30 பாகையில் நிற்கும். 7 அடி உயரத் திறப்பை அந்த வெயிலில் இருந்து முழுக்க மறைக்க 12 அடி நீளத் தாவாரம் வேண்டும், அதை ஒருவரும் கட்டப்போவதில்லை. நிமிர்ந்து நிற்கிற மறைப்புத்தான் இங்கே வேலை செய்யும்: வேம்பு, கிடுகுத் தட்டி, கொடிப் பந்தல். இவை எதுவும் இல்லாமல் மேற்கில் கண்ணாடி போட்டால் என்ன நடக்கும் என்று ஒருக்கால் கணக்குப் பார்ப்போம். 10 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் ஏறத்தாழ 6.5 சதுர மீற்றர் கண்ணாடி. பின்னேர நேர்வெயில் சாதாரண வெள்ளைக் கண்ணாடியைத் தாண்டி ஒரு சதுர மீற்றருக்கு 500 வாட் அளவில் உள்ளே வரும். மொத்தம் 3 கிலோவாட்டுக்கு மேல். 12,000 பிரியூ (ஏசியின் வலுவைச் சொல்கிற அளவு) ஏசி ஒன்று முழு மூச்சாக ஓடினால் வெளியேற்றுகிற வெக்கை 3.5 கிலோவாட். அதாவது அந்த ஏசி ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு சுவரின் வெயிலைத் தள்ளவே சரி. கூரைச் சூடு, ஆட்களின் சூடு எல்லாம் அதற்கு மேலே. கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் கண்ணாடியே சூடேறி அந்தச் சூட்டை உள்ளே வீசும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்கவேண்டும், உள்ளே போட்ட திரைச்சீலை வந்த வெக்கையைத் திருப்பி அனுப்பாது.

கிழக்கு: காலை வெயில் 9, 10 மணி வரைக்கும் உறைக்கும், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டின் நிழல் விழும். பின்னேரம் குந்தியிருக்க அருமையான பக்கம். ஆனால் ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் வாடைக்காற்றோடு வருகிற மழை வடகிழக்கில் இருந்துதான் அடிக்கும். தூவானம் முழுக்க உங்கள் விறாந்தைக்குள் வரும். வடக்குப் பக்கத்துக்கும் இதே பிரச்சினை உண்டு. ஆனால் வெளிச்சத்துக்கு வடக்கை அடிக்க வேறு திசை இல்லை. நண்பகல் சூரியன் வடக்கே சாய்வது சித்திரை நடுவுக்கும் ஆவணிக் கடைசிக்கும் இடையில் மட்டும், அப்போதும் மிக உயரத்தில் நிற்கும். இரண்டு அடித் தாவாரம் இருந்தாலே மத்தியான வெயில் உள்ளே வராது. காலையும் பின்னேரமும் அந்த மாதங்களில் சரிவாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

தெற்கு: என்னைக் கேட்டால் இதுதான் வன்னிக்கு நல்ல பக்கம். வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும். பூநகரி, மன்னார்ப் பக்கத்தில் அது எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல வெக்கைக் காலத்தில் அந்தக் காற்று தெற்கு விறாந்தைக்குள் நேராக வரும். மாரி மழையும் அந்தப் பக்கம் குறைவாகத்தான் அடிக்கும். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே 57 பாகையில் நிற்பதால் 7 அடித் திறப்பை முழுக்க மறைக்க நாலரை அடித் தாவாரம் வேண்டும். 3 அடி அரைச்சுவர் கட்டி மேலே 4 அடியை மட்டும் திறந்துவிட்டால் 2 அடி 8 அங்குலம் போதும். அப்புறம், மார்கழி வெயில் கொஞ்சம் உள்ளே வந்தாலும் ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. பிரச்சினை புழுதிதான். கிரவல் றோட்டுக் கரையில் வீடு என்றால் சோளகத்தோடு சிவப்பு மண்ணும் வரும். வேலிக்கரையில் அடர்த்தியாக ஏதாவது நட்டால் பாதி குறையும்.

3. இப்போது வகை

திறந்த விறாந்தை. தூண், கூரை, அரைச்சுவர், அவ்வளவுதான். செலவு குறைவு, காற்று முழுதாக வரும். ஆறு மணிக்குப் பிறகு நுளம்பு, மாரியில் தூவானம், எந்தக் காலமும் நாய், கோழி, ஆடு. பகலில் இருக்கவும் நெல் போடவும் என்றால் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பின்னுக்கு நெற்றோ யன்னலோ பூட்டுகிற மாதிரித் தூண்களின் இடைவெளியை ஒரே அளவாக வைத்துக் கட்டினால், காசு வரும்போது அடுத்த வகைக்கு மாற்றலாம். முதல்முறை கட்டுகிற, கையில் அளவான காசு உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

நெற் அடித்த விறாந்தை. இங்கத்தைய பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமானது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். கீழே 3 அடி சுவர், மேலே அலுமினியப் பிரேம் அல்லது பொக்ஸ் பாரில் கிறில், அதன் உட்பக்கம் நுளம்பு நெற். பூட்டும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும், பாம்பு, கொடுக்கான் பயமும் குறையும். நெற் வாங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள். மலிவான பிளாஸ்ரிக் நெற் வெயிலுக்கு நொறுங்கிவிடும், விரலால் குத்தினால் ஓட்டை விழும். பைபர் நெற் பரவாயில்லை, ஆனால் எலியும் அணிலும் அதைக் கடித்து வழி எடுக்கும், பூனை நகத்தால் கிழிக்கும். கீழ்ப்பகுதிக்கு மட்டுமாவது துருப்பிடிக்காத உருக்கு நெற் போடுங்கள். பிரேமை ஸ்குறூ கழற்றி வெளியே எடுக்கிற மாதிரிச் செய்விக்கவேண்டும். புழுதி அடைத்த நெற் காற்றை மறிக்கும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கழற்றிக் கிணற்றடியில் வைத்துக் கழுவினால்தான் முதல்நாள் வந்த காற்று திரும்ப வரும். நெற் எப்படியும் காற்றில் ஒரு பங்கைப் பிடிக்கும் என்பதால் திறப்பைப் பெரிதாக வைப்பதும் அவசியம், சின்ன யன்னல் அளவில் வைத்துவிட்டுக் காற்று வரவில்லை என்று சொல்லக்கூடாது.

திறந்து மூடுகிற கண்ணாடி யன்னல்கள். அங்கத்தைய மூன்று பருவ அறைக்குக் கிட்ட வருவது இது. மாரியில் மூடலாம், கோடையில் திறக்கலாம். இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள்: இரண்டு கதவு உள்ள இழுவை யன்னல் எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும், மற்றப் பாதி எப்போதும் கண்ணாடிதான். 6 அடி யன்னலுக்குக் காசு கொடுத்து 3 அடிக் காற்று வாங்குகிறீர்கள். வெளியே தள்ளித் திறக்கிற யன்னல் முழுக்கத் திறக்கும், ஆனால் சோளகத்தில் கொழுக்கி போடாமல் விட்டால் அடித்து உடையும். பழைய லூவர் கண்ணாடியை இப்போது ஆட்கள் பாஷன் இல்லை என்று விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். சாய்த்து வைத்தால் மழை உள்ளே வராது, காற்று வரும், ஒரு கண்ணாடி உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். பின்னால் கிறில் கட்டாயம், ஏனென்றால் லூவர் கண்ணாடியைக் கள்ளன் சத்தமில்லாமல் கழற்றிவிடுவான்.

முழுக் கண்ணாடி, ஏசி அறை. அங்கத்தைய நான்கு பருவ அறையின் எதிர்ப்பதிப்பு. அவர்கள் சூட்டைக் காப்பதற்குச் செய்வதை நாங்கள் குளிரைக் காப்பதற்குச் செய்யவேண்டும். நோயாளி ஒருவர் இருக்கிறார், அல்லது வீட்டிலேயே கணினி வேலை, கடை, சலூன் என்று காரணம் இருந்தால் செய்யலாம். அப்படியென்றால் வடக்குப் பக்கம் வையுங்கள், கண்ணாடியைச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள், கூரைக்குக் கீழே வெப்பத்தடுப்பும் சீலிங்கும் போடுங்கள். குறைந்தது இரண்டு யன்னலாவது திறக்கவேண்டும். கரண்ட் நின்றால் திறக்க வழியில்லாத கண்ணாடி அறைக்குள் கொஞ்ச நேரம்கூட இருக்க முடியாது. நிலம் வரைக்கும் வருகிற கண்ணாடி என்றால் உடைந்தால் பொடியாகிற கடினக் கண்ணாடி கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி கத்தித் துண்டுகளாக விழும், ஓடி விளையாடுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அது கூடவே கூடாது.

கண்ணாடிக் கூரை: வேண்டாம். உச்சிவெயில் தலைக்கு நேரே விழுகிற ஊரில் அது இருக்கக்கூடிய அறை ஆகாது, நாற்று வளர்க்கத்தான் சரி. அதோடு எங்கள் குரங்குகளையும் தென்னைகளையும் நினைத்துப் பாருங்கள்.

4. கூரை: உயரத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள்

வீட்டுத்திட்ட வீடுகளில் இதுதான் மாட்டுகிற இடம். போருக்குப் பிறகு வன்னியில் எழும்பிய வீடுகளில் பெரும்பகுதி சிறியவை. இந்திய வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி அளவு. தாவாரம் உயரமாக இருக்காது. அந்தத் தாவாரத்தில் இருந்து கூரையை அப்படியே நீட்டினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். சரி, அளந்து பார்ப்போம். தாவாரம் நிலத்தில் இருந்து எட்டரை அடி என்று வையுங்கள். 10 அடி அகல விறாந்தை. ஓட்டுக் கூரைக்கு 25 பாகைச் சரிவாவது வேண்டும், 10 அடிக்கு அது நாலரை அடிக்கு மேல் இறங்கும். முன்பக்கத்தில் 4 அடிகூட மிச்சம் இல்லை, குனிந்துதான் உள்ளே போகவேண்டும். சீற் என்றால் 10 பாகையில் ஒப்பேற்றலாம், 1 அடி 9 அங்குலம் இறங்கும், மிச்சம் 6 அடி 9 அங்குலம். அதில் பீமும் பீலியும் தொங்கினால் உயரமான ஆளுக்குத் தலை இடிக்கும்.

இதற்கு மூன்று வழி. விறாந்தையின் அகலத்தை 7, 8 அடியாகக் குறைக்கலாம். அல்லது முற்றத்து மட்டத்துக்குக் கிட்டவாக விறாந்தை நிலத்தை ஒரு படி தாழ்த்தலாம், வெள்ளம் வராத மேட்டுக்காணி என்றால் மட்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்தபோது தண்ணி நின்ற இடங்களில் இதை நினைக்கவே வேண்டாம். இல்லையென்றால் பக்கச்சுவரில் முகடு உள்ள பக்கமாகப் பார்த்து, தனித்தூணில் தனிக்கூரையாக உயர்த்திப் போடலாம். கடைசி வழிக்குச் செலவு கூட, ஆனால் பழைய வீட்டின் சுவரில் பாரம் ஏறாது, சந்துக்குள்ளால் சூட்டுக்காற்று வெளியே போகவும் வழி கிடைக்கும். முடிந்தவர்கள் அதைச் செய்யுங்கள்.

எந்தச் சீற்? நாகம் அலுமினியப் பூச்சுச் சீற் வெளிர் நிறத்தில், அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சோடு போட்டால் தாங்கும். பஞ்சு இல்லாத சீற்றுக்குக் கீழே சித்திரை மத்தியானம் இருக்கமுடியாது. அஸ்பெஸ்ரஸ் சூடு குறைவு என்று இன்னமும் வாங்குகிறார்கள்; வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கிற தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது, பல வருடம் கழித்து நுரையீரல் நோயாக வரும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதைத் தொடாமல் விடுவது நல்லது. கிடுகு குளிர்ச்சி, பார்க்கவும் அழகு, ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேயவேண்டும், குசினிப் பக்கம் என்றால் நெருப்புப் பயம்.

கூரை முழுக்க வெளிச்சச் சீற் போடக்கூடாது. ஆனால் ஹோலின் முன்யன்னலை அடைத்து விறாந்தை கட்டும்போது ஹோல் இருட்டாகும் என்பதை ஆட்கள் கட்டி முடித்தபிறகுதான் காண்கிறார்கள். அதற்கு மருந்து: அந்த யன்னலுக்கு நேரே ஒரே ஒரு பட்டி பொலிகாபனேற் சீற். அதில் சில நுணுக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தில்தான் வெயில் தாங்குகிற பூச்சு இருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கவேண்டும், மாறிப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகி வெடிக்கும். எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டிவருகிற பிளாஸ்ரிக் தாளில் அச்சடித்திருக்கும், அந்தத் தாளைக் கூரையில் ஏற்றும்வரைக்கும் உரிக்க விடாதீர்கள். பொலிகாபனேற் சூட்டுக்கு நீளும்; 3 மீற்றர் சீற் 40 பாகை வித்தியாசத்துக்கு 8 மில்லிமீற்றர் அளவில் நீண்டு சுருங்கும். ஆகவே துளையை ஸ்குறூவை விடப் பெரிதாகப் போட்டு, றபர் வொஷரோடு மெல்ல இறுக்கவேண்டும். கூடு உள்ள சீற் என்றால் கூட்டுக் குழாய்கள் சரிவோடு ஓடவேண்டும், இரண்டு முனையும் ரேப் ஒட்டி மூடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பாசியும் எறும்பும் குடியிருக்கும்.

காற்று. மூன்று பக்கம் திறந்த விறாந்தைக்குள் புகுகிற காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும், மேலே ஓடுகிற காற்று உறிஞ்சும், இரண்டும் சேர்ந்தால்தான் சீற் பறக்கிறது. 2008 நிஷா புயலும், 2020 மார்கழி 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் கரையேறிய புரேவிப் புயலும் இந்தப் பக்கம் வந்தவைதான். தூணின் அடியை வெறும் மண்ணில் புதைக்காமல் கொங்கிறீற் அடித்தளத்தில் போல்ற்றோடு கட்டுங்கள், மரத்தையோ பொக்ஸ் பாரையோ தூணோடு தகட்டுப் பட்டியால் பிணையுங்கள். ஓரச் சீற்றுகளுக்கு ஸ்குறூவை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். சீற்றுக்கு மேல் சீற் ஏறுகிற இடம் காற்று வருகிற பக்கத்துக்கு முதுகு காட்டவேண்டும்.

5. பழைய வீட்டோடு சேர்கிற இடம்

ஒழுக்கு வருவதும் வெடிப்பு வருவதும் இந்த ஒரு கோட்டில்தான். பழைய வீடு மண்ணில் இருந்து அமர்ந்து பல வருடமாகிவிட்டது, புதிய அத்திவாரம் இனிமேல்தான் அமரும். இரண்டையும் சீமெந்தால் இறுக்கி ஒட்டினால் முதல் மாரியிலேயே மேலிருந்து கீழே வெடிக்கும். அரை அங்குல இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கிற நிரப்பியால் அடையுங்கள். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் கோடையில் பிளக்கும், மாரியில் ஊதும். அந்த மாதிரி மண் என்றால் அத்திவாரத்தை ஆழமாக எடுத்து, அடியில் மணலும் சல்லியும் போட்டு, கம்பி கட்டிய பீம் ஓடவிடாமல் சுவர் எழுப்பவேண்டாம்.

கூரை சுவரோடு சேர்கிற இடத்தில் சிலிக்கன் பூசிவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். சிலிக்கன் வெயிலுக்கு உரிந்துவிடும். சுவரில் ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரப் பட்டியின் மேல் ஓரத்தை அதற்குள் செருகி, சீமெந்து வைத்து மூடி, கீழ் ஓரத்தைச் சீற்றுக்கு மேல் 6 அங்குலமாவது விழவிடவேண்டும். சந்தேகம் இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள்: பட்டி சுவருக்கு வெளியே நின்று அதன் மேல் ஒரு கோடு பசை மட்டும் தெரிந்தால் வேலை முடியவில்லை, பட்டி சுவருக்குள் மறைந்து போனால் சரி.

நிலம் வீட்டு நிலத்தை விட இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாகவும், வெளிப்பக்கம் 10 அடிக்கு 2 அங்குலச் சரிவோடும் இருக்கட்டும். பளபளப்பான ரைல்ஸ் தூவானத்தில் வழுக்கும், வயதானவர்கள் உள்ள வீட்டுக்குச் சொரசொரப்பானது அல்லது நல்ல சிவப்புச் சீமெந்து. அரைச்சுவருக்கு அடியில் தண்ணி போக ஓட்டை விட மறக்கவேண்டாம், அந்த ஓட்டைக்கும் ஒரு துண்டு உருக்கு நெற் வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு அதற்குள்ளால்தான் வரும்.

முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் என்றால் இரும்பு பொக்ஸ் பாரை உப்புக்காற்று தின்னும். அலுமினியமும் துருப்பிடிக்காத ஸ்குறூவும் தொடக்கத்தில் விலை, பிறகு பெயின்ற் செலவு இல்லை. உள்ளூர் முதிரை, பாலை கிடைக்கிறவர்களுக்கு மரமும் நல்லதுதான், அனுமதிச் சீட்டோடு வந்த மரமா என்று கேட்டு வாங்குங்கள். கறையான் ஏறாமல் மரத்தூணை நிலத்தில் இருந்து ஒரு சாண் கொங்கிறீற் பீடத்தில் நிறுத்தவேண்டும்.

6. அனுமதி, ஆள், காசு

"சும்மா விறாந்தைதானே" என்று யோசிக்காமல் பிரதேச சபையில் போய்க் கேளுங்கள். கரைச்சியோ புதுக்குடியிருப்போ, கட்டட அனுமதிக்கு என்ன கடதாசி, றோட்டு மையத்தில் இருந்து எவ்வளவு விடவேண்டும் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். பெரிய றோட்டுக் கரையில் உள்ளவர்கள் கூடுதல் கவனம். காணி பேர்மிற் காணி என்றால் பேர்மிற் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவருக்கும் இங்கே குடியிருக்கிறவருக்கும் பின்னுக்கு மனஸ்தாபம் வராது.

மேசன், ஒட்டுவேலைக்காரர், அலுமினியக்காரர் மூன்று பேரையும் ஒரே நாளில் இடத்துக்குக் கூப்பிடுங்கள். மேசன் கட்டி முடித்தபின் அலுமினியக்காரர் வந்து "திறப்பு கோணல், பிரேம் இருக்காது" என்று சொல்வது எல்லா இடமும் நடக்கிற ஒன்று. மூன்று பேரும் நிற்கும்போது திறப்பின் அகலம், உயரம், தூண் இடைவெளி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் போட்டோ அனுப்பிவிடுங்கள். சீற்றின் தடிப்பு, கண்ணாடியின் தடிப்பு, நெற்றின் வகை, ஸ்குறூ கூட, விலைத்தாளில் எழுத்தில் இருக்கவேண்டும். "நல்ல சாமான்" என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

மாசி, பங்குனியில் தொடங்குவது நல்லது. சீமெந்து வேலை மழைக்கு முன் காய்ந்துவிடும், வெட்டுக் காசும் கையில் நிற்கும். ஐப்பசியில் அத்திவாரம் தோண்டாதீர்கள். காசைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள்: அத்திவாரம், தூணும் கூரையும், யன்னலும் நெற்றும். கடைசிப் பகுதியைக் கொடுப்பதற்கு முன் தண்ணிப் பம்பைப் போட்டு, கூரை சுவரோடு சேர்கிற கோட்டில் அரை மணித்தியாலம் ஹோஸால் அடிக்கவேண்டும். ஒருவர் மேலே அடிக்க இன்னொருவர் உள்ளே டோர்ச்சோடு நின்று அந்தக் கோட்டை முழுக்கப் பார்க்கட்டும். ஒரு இடத்தில் நனைந்தாலும் பென்சிலால் வட்டம் போட்டு, வேலைக்காரர் அங்கே நிற்கும்போதே காட்டுங்கள்.